உப்புக்காற்றும் அச்சில் வார்த்த கொங்கிறீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் உப்புவெளியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அச்சில் வார்த்து விற்கும் கொங்கிறீட் அலங்காரங்களைக் கடலோரக் கட்டடங்களில் தடைசெய்ய வேண்டும், ஐந்தாறு வருடத்தில் அவை வெடித்து விழுகின்றன, ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே அவை தொங்குவது ஆபத்து என்பது அவர் சொன்னது. ஆபத்து உண்மைதான். ஆனால் அவர் கேட்கும் தடை பிழை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருகோணமலை, பாலையூற்று ஆள். அப்பா மேசன். பதினேழு வயதில் அவருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். பிறகு 2001 இலிருந்து 2012 வரை சார்ஜாவில் ஒரு பிறீகாஸ்ட் யாட்டில், அதாவது கொங்கிறீட் வார்க்கும் களத்தில், வேலை. முதல் மூன்று வருடம் அச்சு துடைத்து எண்ணெய் பூசினேன், அதற்குப் பிறகு பினிஷிங், கடைசி நாலு வருடம் பினிஷிங் போர்மன். ஊருக்கு வந்தும் இதே தொழில்தான். கொங்கிறீட்டை முன்கூட்டியே அச்சில் வார்த்து, இறுகிய பிறகு கொண்டுபோய்க் கட்டடத்தில் பொருத்துவதற்குத்தான் பிறீகாஸ்ட் என்று பெயர். கேட்கப் புதிதாக இருந்தாலும் பொருள் புதிதில்லை. கிணற்று வளையம், வேலிக்கட்டை, வீதியோரத்து கொங்கிறீட் மின்கம்பம் எல்லாம் அதுதான். வீட்டு முகப்புக்கு வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது.

அக்காவின் வீடு உப்புவெளியில், கடலிலிருந்து இருநூறு மீற்றர் கூட இருக்காது. 2011 இல் மேல்மாடி கட்டினார்கள், நான் அப்போது சார்ஜாவில். மாடிக் கைபிடிக்கு வரிசையாக நிறுத்துவார்களே, இடுப்பு ஒடுங்கி அடியும் தலையும் பருத்த குட்டித்தூண், அதில் நாற்பத்திரண்டு வாங்கி நிறுத்தியிருந்தார்கள். படம் அனுப்பினார்கள். வெள்ளை பூசிய தூண்களும் பின்னால் கடலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அத்தான் வேலையால் வந்ததும் அந்த இடத்தில்தான் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார்.

2018, மாரி முடிந்து தை பிறந்த நேரம், அக்கா கூப்பிட்டார். "தம்பி, தூணெல்லாம் மஞ்சளாய் வடியுது. ஒருக்கா வந்து பாரன்."

போய்ப் பார்த்தேன். ஏழெட்டுத் தூண்களில் மேலிருந்து கீழே நேராக ஒரு மயிர்க்கோடு. அந்தக் கோட்டிலிருந்து கறள் நீர் வடிந்து வெள்ளைப் பூச்சில் காய்ந்திருந்தது. விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல கொங்கிறீட் கணீரென்று கேட்கும். இவற்றில் பாதிக்கு மேல் பொக்கு பொக்கென்றுதான் கேட்டது. ஒரு தூணின் இடுப்பில் உள்ளங்கை அளவு துண்டு ஏற்கெனவே கழன்றிருந்தது. அது உள்பக்கம் விழுந்தது நல்லகாலம். வெளிப்பக்கம் விழுந்திருந்தால் கீழே படலையடியில் பிள்ளைகள் சைக்கிள் விடும் இடம்.

அத்தானும் நானுமாக ஒன்றைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, முற்றத்தில் சாக்கு விரித்துச் சுத்தியலால் உடைத்தோம். மூன்றே அடி. உள்ளே 6 மில்லிமீற்றர் கம்பி ஒன்று. ஓரிடத்தில் அது ஈர்க்கு மாதிரி மெலிந்து போயிருந்தது. கறள் வெங்காயத் தோல் மாதிரித் தட்டுத்தட்டாக உரிந்து வந்தது. நடுவில் நிற்க வேண்டிய கம்பி இடுப்புக்கு வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது. மருமகள் பாடசாலைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து வந்து அளந்தாள். அந்தப் பக்கம் கம்பிக்கு மேலே இருந்த கொங்கிறீட் 7 மில்லிமீற்றர். உடைந்த முகத்தில் சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள் வெயிலில் மின்னின. ஏழு வருடம் கடற்காற்றில் நின்ற பொருளில் உப்பு எப்படியும் ஏறியிருக்கும். சிப்பி காற்றில் வராது. அது மணலோடு வந்தது.

விற்ற இடத்தை நான் எழுதப் போவதில்லை. அந்த இடத்துக்குப் போனேன், சண்டை பிடிக்கவில்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். இருபது வயதுப் பையன் ஒருவன் வார்த்துக்கொண்டிருந்தான். அச்சில் பாதிக்குக் கலவை போடுகிறான், கம்பியைக் கையால் அமுக்குகிறான், மீதியை நிரப்பித் தட்டுகிறான். கலவை ஓடவேண்டும் என்பதற்காகத் தண்ணீர் அள்ளி ஊற்றுகிறான். அடுத்த நாள் அச்சைக் கழற்றி அப்படியே வெயிலில் அடுக்குவது. மூன்றாம் நாள் லொறியில் ஏற்றுவது. "தண்ணி விடுறதில்லையா தம்பி?" என்று கேட்டேன். "எதுக்கண்ணை, காய வேணாமா?" என்றான். அவன் மனதறிந்து பிழை செய்யவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணிக்கைக்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

எல்லாப் பிழையும் அந்த "காய வேணாமா"வில் இருக்கிறது. சேறு காய்ந்து இறுகும். சீமெந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறுகும். முதல் ஏழு நாளாவது ஈரம் போகாமல் நனைத்துச் சாக்குப் போட்டு மூடி வைத்தால்தான் தோல் இறுக்கமாக வரும். எங்கள் ஊரில் வைகாசியிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் துவைத்த சாரமே அரைமணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. அந்தக் காற்றில் பச்சைக் கொங்கிறீட்டை மூடாமல் வைத்தால் தோலில் இருக்கும் தண்ணீரைக் காற்று குடித்துவிடும். அதற்குப் பிறகு தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துவாரம்தான். அந்தத் துவாரம் வழியாக உப்பு உள்ளே போகிறது. கொங்கிறீட்டின் காரத்தன்மைதான் கம்பியைக் கறள் பிடிக்காமல் காப்பாற்றுகிறது. உப்பு போதிய அளவு கம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் காப்பு முறிந்துவிடும். கறள் ஆன இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தைக் கொங்கிறீட் தாங்காமல் வெடிக்கிறது. ஆகவே உப்பு கம்பிக்குப் போக எத்தனை வருடம் எடுக்கும் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பிக்கு மேலுள்ள கனம், கலவையில் சேர்த்த தண்ணீர், வார்த்த பிறகு நனைத்த நாட்கள். அந்தக் கனத்தை யாட்டில் கவர் என்போம். கடலோர வேலைக்கு வரைபடத்தில் 40, 50 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். அக்கா வீட்டுத் தூணில் இருந்தது 7.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வாழ்ந்தது அதில்.

சார்ஜாவில் நாங்கள் வார்த்தவை கட்டடத்தின் வெளிமுகம் முழுவதையும் மூடும் பலகங்கள். ஒரு பலகம் ஆறு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் உயரம், 150 மில்லிமீற்றர் கனம் என்று வையுங்கள், நிறை ஆறரைத் தொன் வரும். அழகான முகம் கீழே, இரும்பு அச்சின் அடியில் குப்புறக் கிடக்கும். முதலில் அச்சின் அடியில் ஒரு பூச்சு அடிப்போம். அது படும் இடத்தில் சீமெந்து இறுகுவதைப் பிந்தவைக்கும். அதற்கு மேலே வெள்ளைச் சீமெந்தும் தெரிந்தெடுத்த கல்லும் சேர்த்த முகக் கலவை மெல்லிசாக ஒரு அடுக்கு. அதற்கு மேலே கம்பிக்கூடு, பிறகு சாதாரணச் சாம்பல் கலவை. பகல் சூட்டில் வார்க்க முடியாது, கோடையில் கலவைத் தண்ணீருக்கு ஐஸ் போட்டு இரவில்தான் வார்ப்போம்.

விடியற்காலை கிறேன் வந்து பலகத்தைத் தூக்கி நிமிர்த்தும். அந்த நேரத்துக்கு முகம் சப்பென்று இருக்கும், வெறும் சீமெந்துத் தோல். நான் உயரழுத்தத் தண்ணீர்க் குழாயோடு நிற்பேன். மேலிருந்து கீழாக ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு வரவேண்டும். இறுகாத தோல் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடும். ஓட ஓட உள்ளே இருக்கும் கல் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். தேன் நிறக் கல், இடையிடையே கறுப்புப் பொட்டு. இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்குமேல் போகக்கூடாது, போனால் கல் கழன்றுவிடும். ஒரு இடத்தில் கை தயங்கினால் அந்தத் தயக்கம் கட்டடம் நிற்கும் காலமெல்லாம் அந்த முகத்தில் தெரியும். பதினொரு வருடத்தில் எனக்கு அலுக்காத வேலை அது ஒன்றுதான்.

அந்த யாட்டில் நடந்த ஒன்றை மறக்க மாட்டேன். நான் போர்மன் ஆகி முதல் மாதம். அருமையாக வந்த ஒரு பலகத்தைப் பரிசோதகர் கவர் பார்க்கும் கருவியால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் 40 இருக்க வேண்டிய இடத்தில் 28 காட்டியது. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். எனக்கு வயிறெரிந்தது, இரண்டு இரவு வேலை. "இந்த மூலையைக் கீழே நிற்கிறவன் பார்க்கவே முடியாதே" என்று சொன்னேன். அவர் கேரளத்துக்காரர், எங்கள் தமிழ் விளங்கும். "உப்பு பார்க்கும்" என்றார். அன்று பின்னேரமே அந்தப் பலகத்தை உடைத்தார்கள். அதன் பிறகு எந்த அச்சையும், கம்பியை அச்சிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் கட்டைகளை எண்ணாமல் நான் மூடவிட்டதில்லை.

உப்புவெளி நண்பர் கேட்கும் தடையை நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இங்கேதான் இருக்கிறது. கடலோர ஊருக்குப் பிறீகாஸ்ட் மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தேவை. மாடியில் சாரம் கட்டி, பலகை அடித்து, வாடைக்காற்று தறப்பாளைக் கிழிக்க, மழை விட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் அவசரமாகக் கொங்கிறீட் போடும்போது உள்ளே கம்பி எங்கே நிற்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? நானே அப்படிப் போட்டிருக்கிறேன். பலகை கழற்றும்போது கம்பி வெளியே தெரிந்தால் சாந்து பூசி மறைத்துவிடுவார்கள். அச்சில் வார்க்கும் பொருள் நிலத்தில், கூரைக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் கிடக்கிறது. அளக்கலாம், தட்டலாம், திருப்பிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் உடைக்கலாம். மேலே ஏறும் முன் இத்தனையும் செய்ய முடியும். ஐரோப்பியக் கொங்கிறீட் விதிநூலும் இதை ஒத்துக்கொள்கிறது. கம்பி கொஞ்சம் விலகினாலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கவரில் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் 10 மில்லிமீற்றரை, அளந்து பார்த்துப் பிழையானதை ஒதுக்கும் பிறீகாஸ்ட் யாட்டுக்குக் குறைத்துக்கொடுக்கிறது. அளந்து ஒதுக்கும் யாட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.

கடலோரத்தில் நிற்காது என்பவர்கள் சிட்னி ஒப்பரா ஹவுஸை நினைத்துப் பார்க்கலாம். துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையில், மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர். டென்மார்க் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்தது, 1973 இல் திறந்தார்கள். பாய் விரித்த மாதிரி நிற்கும் அந்தக் கூரைக்குள்ளே இருப்பவை 2,194 பிறீகாஸ்ட் விலாத் துண்டுகள். மேலே மின்னும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகளும் கூரையில் ஒவ்வொன்றாக ஒட்டியவை அல்ல, நிலத்தில் பிறீகாஸ்ட் மூடிகளோடு சேர்த்து வார்த்து ஏற்றியவை. சுவாமி மலையில் நின்று எங்கள் துறைமுகப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரை ஞாபகம் வரும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புக்குப் போன பிள்ளைகள் கோள்மண்டலக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள், தாமரை விரிவது மாதிரி இருக்குமே. 1965 இல் கைத்தொழில் கண்காட்சிக்காக அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கட்டியது, பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க. அந்த மடிப்பு மடிப்பான கொங்கிறீட்டும் பிறீகாஸ்ட்தான். ஜெப்ரி பாவா 1960களின் பிற்பகுதியில் ஒறுவலையில் இரும்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கட்டிய அலுவலகத்தில் சுவரே காற்றுப் புகும் பிறீகாஸ்ட் பலகங்கள். ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், முன்வார்த்த பீம்களை அடுக்கி அவற்றின்மேல் மெல்லிய தளம் போடும் முறையைச் சாதாரண வீடுகளுக்கென்றே உருவாக்கியது. இந்த நாட்டுக்கு இந்தத் தொழில் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கு அது இறங்கி வரவில்லை. பொருட்களில் குறை சொல்லவும் வழியில்லை. சீனக்குடாவில் 1980களிலிருந்து சீமெந்து ஆலை இருக்கிறது. மூதூர், கிண்ணியாப் பக்கம் மகாவலி கொண்டுவந்து கொட்டும் மணல் இருக்கிறது. முன்பு அந்தப் பக்கத்து மணல் லொறி பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் தெப்பத்தில், ஏறக் காத்திருக்க வேண்டும், 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் கஷ்டமும் இல்லை. இவ்வளவும் இருக்கக் கடற்கரையில் அள்ளிய மணலில் தூண் வார்ப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லை.

அப்புறம் பொருத்துவது. இதை உப்புவெளி நண்பர் தொடவில்லை, ஆனால் உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் குடியிருப்பு, பிறீகாஸ்ட் சுவர்ப் பலகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 விடியற்காலை 18 ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து வெளிச்சுவர்ப் பலகத்தைத் தள்ளியது. அந்த ஒன்று போனதும் மேலே இருந்தவை விழ, விழுந்த பாரத்தில் கீழே இருந்தவையும் விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். குடிவந்து இரண்டு மாதம்தான். பலகங்களை ஒன்றோடொன்று பிணைத்த மூட்டுகள் பலவீனமாக இருந்ததுதான் ஒரு வெடிப்பு ஒரு மூலையையே கொண்டுபோகக் காரணம். அதன் பிறகு பிரித்தானியா கட்டட விதிகளையே மாற்றியது.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்று. எங்கள் மாவட்டத்தில் ஒரு கட்டடத்தில், பெயர் வேண்டாம், வெயில் மறைக்க யன்னலுக்கு வெளியே நெடுக்காக நிறுத்தும் கொங்கிறீட் தகடுகளைப் பொருத்தும் மேற்பார்வைக்கு என்னை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் 180 கிலோ. வரைபடத்தில் கறள் பிடிக்காத உருக்கு ஆணியும் தாங்கியும் என்று எழுதியிருந்தது. வந்து இறங்கியது சாதாரண இரும்பில் வெள்ளி நிறப் பூச்சு அடித்தது. கேட்டேன். பூச்சு அடித்தால் சரிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். இரண்டு நாள் பேசிப் பார்த்தேன், எழுதியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வேலையை விட்டு வந்தேன். அந்த மாதம் வீட்டில் கையில் காசில்லாமல் கஷ்டப்பட்டோம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தத் தகடுகள் வேறு ஆட்களைக் கொண்டு ஏற்றப்பட்டன. இன்றும் நிற்கின்றன. அந்த வழியால் போகும்போது நான் வீதியின் மற்றப் பக்கத்தால்தான் போகிறேன், மனைவியையும் அப்படித்தான் கூட்டிப்போகிறேன். தாங்கி கறள் பிடிப்பது வெளியே தெரியாது. மூட்டு இடைவெளியில் அடைத்த மாஸ்டிக் பசை காய்ந்து பிளந்ததும் தண்ணீர் உள்ளே போய் நிற்கும், மீதி உள்ளேதான் நடக்கும்.

கோயில் கோபுரத்துச் சுதைகளைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று சாரம் கட்டி ஏறி, ஒவ்வொரு கை, ஒவ்வொரு விரல் என்று பார்த்து வெடித்ததைத் திருத்தித்தான் வர்ணம் பூசுகிறார்கள். வீதிக்கு மேலே தொங்கும் 180 கிலோவைக் கட்டி முடித்த நாளோடு மறந்துவிடுகிறோம். உள்ளூராட்சி சபைகள் கட்டட அனுமதி கொடுக்கும்போது பாதைக்கு மேலே என்ன தொங்கப் போகிறது, எதில் தொங்கப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கவேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏணி வைத்துத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பெரிய செலவில்லை. ஒரு ஏணி, ஒரு சுத்தியல், அரை நாள்.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இன்னும் சுகமானது. தூணோ காற்றுப் புகும் கிறில் கல்லோ வாங்கப் போனால் மேலதிகமாக ஒன்றுக்குக் காசு கொடுத்து அதை அந்த இடத்திலேயே உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், சிப்பி இருக்கிறதா என்று பாருங்கள். உடைக்க மாட்டேன் என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். எப்போது வார்த்தது என்று கேளுங்கள். திகதி எழுதியில்லாத பொருளை வாங்கவேண்டாம். மெல்லிய அலங்கார வேலைக்குக் கம்பியே இல்லாமல் கண்ணாடி நார் சேர்த்த சீமெந்தில் பத்துப் பதினைந்து மில்லிமீற்றர் கனத்தில் செய்யலாம், அதற்குக் கறள் பயம் இல்லை. ஆனால் சாதாரணக் கண்ணாடி நாரைச் சீமெந்தின் காரம் தின்றுவிடும். காரத்தைத் தாங்கும், சிர்க்கோனியா கலந்த நார் என்று கேட்டு வாங்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் இப்போது படகுக்கு அடிக்கும் பைபரை வாங்கி வந்து கலக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் சில வருடத்தில் உங்கள் வாசகர் பக்கத்துக்கு வரும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் அந்தப் பையன். "காய வேணாமா" என்று கேட்டவன். அவனைப் போல நிலாவெளி வீதியிலும் கண்டி வீதியிலும் எத்தனை பேர் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தடை போட்டால் அவனுக்குச் சோறு போகும், எங்கள் ஊரில் இந்தத் தொழில் வளராமலே போகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசன் வேலைக்கு, தச்சு வேலைக்கு வகுப்பு இருக்கிற மாதிரி, பிறீகாஸ்ட் வார்ப்புக்கு மூன்று மாத வகுப்பு ஒன்று திருகோணமலையில் தொடங்கலாம். அச்சு செய்வது, கலவைத் தண்ணீரை அளப்பது, கவர் கட்டை வைப்பது, கலவையில் கியூப் (சோதனைக்கு வார்க்கும் சதுரக் கட்டி) எடுத்து 7 ஆம் நாளும் 28 ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பது, கழுவி முகம் எடுப்பது. வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த என்னைப் போன்றவர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருக்கிறார்கள். கையில் தொழில் இருக்கிறது, இங்கே முச்சக்கர வண்டி ஓடுகிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். நான் சம்பளம் வாங்காமல் வருவேன்.

அக்கா வீட்டு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2018 முழுவதும் கைபிடிக்குப் பதிலாக மூங்கில் கட்டிவைத்திருந்தோம். நான் புது அச்சு செய்தேன். பழைய தூணின் இடுப்பு 60 மில்லிமீற்றர். அதில் கம்பியை எங்கே வைத்தாலும் கவர் போதாது. 90 ஆக்கினேன், நடுவில் 6 மில்லிமீற்றர் கம்பி நேராக நின்றால் சுற்றிவர 42 கிடைக்கும். கம்பி அசையாமல் இருக்க அச்சின் இரண்டு முனையிலும் துளை போட்டு இழுத்துக் கட்டினேன். கழுவிய ஆற்று மணல். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வார்க்கவில்லை. பதினாலு நாள் ஈரச் சாக்குக்குள்ளே வைத்திருந்தோம், காலையும் மாலையும் மருமகள் தண்ணீர் ஊற்றினாள். அடியில் ஆணியால் திகதி கீறினேன். அக்கா முதலில் பார்த்துவிட்டு, "இடுப்பு பெருத்துப்போச்சே தம்பி, பழையதுதான் வடிவு" என்றார். உண்மைதான், பழையது கொஞ்சம் வடிவு.

2019 தையில் நாற்பத்திரண்டையும் நிறுத்தினோம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனால் பொங்கல் சாப்பிட முதல் மாடிக்கு ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். இந்த வருடமும் தட்டினேன். எல்லாம் கணீரென்றுதான் கேட்டது, கோடு ஒன்றும் இல்லை. ஆனால் பழையவையும் ஏழாம் வருடத்தில்தான் வெடித்தன, புதியவைக்கு இப்போதுதான் அந்த வருடம் வந்திருக்கிறது. வருகிற தையிலும் தட்டிப் பார்ப்பேன். உப்புவெளி நண்பர் பக்கத்தில்தானே இருக்கிறார், விரும்பினால் அவரும் வரட்டும். அக்கா பொங்கல் கூடுதலாக வைப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஒரு கொங்கிறீட் தொழிலாளி,
பாலையூற்று, திருகோணமலை.